காற்றுக்கு வழி, கண்ணுக்குத் திரை

கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ ஒரு புது வீடு எழும்புகிறதென்றால், பெரும்பாலும் அது ஒரு மகளுக்காக எழும்பும் வீடாகவே இருக்கும். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழும் வழக்கம் இக்கரையோர முஸ்லிம் ஊர்களில் நெடுங்காலமாக வேரூன்றியது. ஆகையாற் பெண்பிள்ளை பிறந்த அன்றே வாப்பாவின் மனத்தில் அத்திவாரம் வெட்டப்பட்டுவிடுகிறது. காக்காமார் கட்டாரிலும் சவூதியிலும் உழைத்து அனுப்புவது கல்லாகவும் சீமெந்தாகவும் மாறுகிறது. கூரை போட்டு, தளம் போட்டு, வர்ணமும் பூசிக் கையிற் பணம் தீருந் தறுவாயில், கடைசி வேலையாக வந்து நிற்பது யன்னல்களுக்கு மறைப்புப் போடும் வேலை. கலியாண நாளோ நெருங்கிவிட்டது. உம்மாவும் மகளும் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் மாதிரிப் புத்தகத்தை விரிக்கிறார். சோபாவின் நிறத்துக்கு இசைவாக ஒன்றைத் தெரிந்துகொண்டு திரும்புகிறார்கள். எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்து முடிவை அந்தப் பெண் முப்பது ஆண்டுகளுக்குப் பிற்பகல்தோறும் அனுபவிக்கிறாள்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியே இங்கு எழுத முற்படுகின்றேன். அற்ப விடயம் என்று எண்ணி வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடவேண்டாம்.

யன்னல் எதற்கு என்ற கேள்விக்கு நம் மொழி பழைய விடையொன்று வைத்திருக்கிறது. சிலப்பதிகாரம் அதனைக் ‘காலதர்’ என்று வழங்கும். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஆங்கிலேயரின் ‘விண்டோ’ என்ற சொல்லும் பழைய நோர்ஸ் மொழியிற் ‘காற்றுக் கண்’ என்றே பொருள்படுமாம். நாம் நாள்தோறும் சொல்லும் யன்னல் என்பதோ போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற ‘ஜனேலா’. சொல் மாறியதிற் குற்றமில்லை. சொல்லோடு காற்றும் போய்விட்டதே என்பதுதான் குறை. இன்று நம் ஊர்களிற் பொருத்தப்படும் அலுமினியச் சட்ட யன்னலைப் பாருங்கள். கண்ணாடிக் கதவு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதால், முழுவதும் திறந்தாலும் பாதிதான் திறக்கும். அந்தப் பாதிக்குள்ளும் தெருவிலிருந்து பார்வை விழும் என்று அஞ்சி, கறுப்புக் கண்ணாடி போட்டுச் சாத்தி, உள்ளே தடித்த திரையும் தொங்கவிட்டுவிடுகிறோம். காற்று, வெளிச்சம், பார்வை ஆகிய மூன்றும் ஒரே அடியில் அடைபட்டுப் போகின்றன. அடைக்க விரும்பியது மூன்றாவதை மட்டுமே.

முன்னாளில் இந்த மூன்றுக்கும் வேறு வேறு ஏற்பாடுகள் இருந்தன. தெருப் பார்வையைத் தடுத்தது வளவைச் சுற்றிய கிடுகு வேலி. வெயிலைத் தடுத்தது விறாந்தையின்மேல் தாழ இறங்கிய கூரை. யன்னல் சிறியதாயினும் கண்ணாடி இல்லாதது. மரக்கம்பிகளுக்கிடையே காற்றுத் தாராளமாகப் புகுந்தது. வேலி மதிலாகி, விறாந்தை அறையாகி, இறவாரம் ஒட்ட வெட்டப்பட்டபின், இம்மூன்று வேலைகளும் ஒரே யன்னலின் தலையில் வந்து விழுந்தன. வளவுகளும் சுருங்கிவிட்டன. ஒரு வளவை இரண்டு மகள்மாருக்கும் மூன்று மகள்மாருக்கும் பங்கிட்டால், ஒரு வீட்டின் யன்னல் மறு வீட்டின் யன்னலை ஆறடி தூரத்தில் முகத்துக்கு முகம் பார்க்கத்தானே செய்யும்!

மின்விசிறி இருக்கிறதே என்பார்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டதை மறந்துவிட முடியாது. கண்ணாடி யன்னலும் தட்டைக் கூரையுமாகக் கட்டிய அறைகளிற் பிள்ளைத்தாய்ச்சிகளும் முதியவர்களும் பட்ட அவதிக்கு அந்த நாட்களே சாட்சி. பின்னர் 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் கடுமையாக உயர்ந்தது. வாசலிற் காற்று இலவசமாக வீசிக்கொண்டிருக்க, அதை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே விசிறிக்குப் பணம் கட்டுகிற வீட்டை ‘வசதியான வீடு’ என்று எப்படிச் சொல்வது?

மறைப்புத் தெரிவதற்கு முன் திசை தெரியவேண்டும். கடைக்காரர் கேட்கமாட்டார், நாமே கேட்டுக்கொள்ளவேண்டிய முதற் கேள்வி, ‘இந்த யன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது?’ என்பதாகும்.

கல்முனை வட அகலக்கோட்டில் ஏழரைப் பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. ஏப்பிரல் இரண்டாம் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நண்பகற் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாயும். எஞ்சிய காலத்தில் தெற்கே. எவ்வாறாயினும் நண்பகலில் அது மிக உயரத்திலேயே நிற்பதால், வடக்குத் தெற்கு யன்னல்களுக்கு மேலே நீட்டிய ஒரு தட்டே போதிய நிழல் தரும். நான்கடி உயர யன்னலுக்கு, ஜூன் மாத உச்சிவெயிலை வடபுறத்தில் தடுக்க ஒன்றேகால் அடித் தட்டுப் போதும். டிசெம்பரில் தென்புறத்துக்கு ஏறக்குறைய இரண்டரை அடி வேண்டும். ஆனால் அது மாரிக்காலம், வெயிலைத் தேடுகிற காலம். இந்த இரு திசைகளுக்கும் விலையுயர்ந்த மறைப்பு அநாவசியம்.

தொல்லை கிழக்கிலும் மேற்கிலுமே. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ நின்று நேராக அறைக்குள் எட்டிப் பார்க்கிறது. பிற்பகல் நான்கு மணிக்கு அது தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய முப்பது பாகை உயரத்திலேயே நிற்கும். எத்தனை அடி தட்டு நீட்டினாலும் அதற்கு அடியாலே நுழைந்துவிடும். கிழக்கு வெயிலாவது இரவு குளிர்ந்த சுவரில் விழுகிறது. கடற்காற்றும் அதே திசையிலிருந்து வந்து ஓரளவு ஆற்றிவிடுகிறது. மேற்கு வெயிலுக்கு அப்படி ஒரு மாற்று இல்லை. பகல் முழுவதும் சூடேறிய வீட்டின்மீது கடைசிச் சூட்டையும் அதுவே கொட்டுகிறது.

அதோடு கச்சானும் சேர்ந்துவிட்டால் சொல்லவேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் மழையை எல்லாம் கொட்டிவிட்டு, மலை தாண்டி இறங்கும்போது வரண்டு, சூடேறி, வயல்வெளிகளைக் கடந்து நம் ஊர்களுக்கு வருகிறது. ஜூன், ஜூலை மாதங்களில் அது மேற்கு யன்னலால் நுழையும்போது அடுப்பு வாயைத் திறந்தாற்போலிருக்கும். ஆகவே, மேற்கு யன்னலுக்கு வேண்டிய மறைப்பு வேறு, கிழக்கு யன்னலுக்கு வேண்டியது வேறு. ஒரே துணியில் வீடு முழுவதற்கும் திரை தைப்பது கண்ணுக்கு ஒழுங்காக இருக்கலாம். உடம்புக்கு அது ஒழுங்காக இருப்பதில்லை.

இந்த இடத்தில் 2004ஆம் ஆண்டை நினையாமல் இருக்க முடியவில்லை. திரை என்ற சொல்லுக்குத் தமிழில் அலை என்றும் ஒரு பொருள் உண்டு. அந்த டிசெம்பர் 26ஆம் நாட்காலை எழுந்த திரை, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. இலங்கையில் மிகக் கூடிய உயிரிழப்பு இந்த மாவட்டத்துக்கே. அதன்பின் வீட்டுத் திட்டங்களாகக் கட்டப்பட்டவற்றிற் பல ஒரே வரைபடத்தின் பிரதிகள். தெருவின் இருபுறமும் அதே வரைபடம் முகம்பார்த்து நின்றால், ஒரு வீட்டில் விடியலைப் பார்க்கும் படுக்கையறை எதிர்வீட்டில் மேற்கு வெயிலைப் பார்க்கும். அவசரத்திற் கூரை கொடுத்தவர்களைக் குறைகூறுவது தகாது. ஆனால் அந்த இரு வீட்டுக்காரரும் ஒரே கடையில் ஒரே மறைப்பை வாங்கினால், அதிலொருவர் நிச்சயம் ஏமாறுவார்.

இரண்டாவது கேள்வி, மறைப்புக் கண்ணாடிக்கு உள்ளேயா, வெளியேயா என்பது. நம் வீடுகளிற் பெரும்பாலும் உள்ளேதான். இதிலே ஒரு பௌதிகப் பிழை இருக்கிறது. வெயிலொளி கண்ணாடியை ஊடுருவி வந்து திரையிற் படுகிறது, திரை சூடாகிறது. சூடான திரை வெளிவிடும் வெப்பக்கதிர் அலைநீளங் கூடியது. அதைக் கண்ணாடி நேரே வெளியே போகவிடாது. ஆக, திரைக்கும் கண்ணாடிக்கும் இடையே பிடிபட்ட சூடு மெல்ல மெல்ல அறைக்குள்ளேயே பரவுகிறது. உள்ளே தொங்கும் தடித்த கறுப்புத் திரை இருளைத் தரும், குளிர்ச்சியைத் தராது. நம்மிற் பலர் இருளையே குளிர்ச்சி என்று மயங்கிவிடுகிறோம். அதே மறைப்பைக் கண்ணாடிக்கு வெளியே தொங்கவிட்டால், சூடேறுவது வெளியிலேயே நடக்கும். காற்று அதைக் கொண்டுபோய்விடும். வெளியே கட்ட வசதியில்லாத இடத்தில், கண்ணாடிப் பக்கம் வெள்ளையாக இருக்கும்படி உள்திரையைத் தைக்கலாம். வெள்ளையிற் பட்ட ஒளியிற் பெரும்பகுதி ஒளியாகவே திரும்பிப் போய்விடும்.

சரி, காற்றும் நிழலும் கிடைத்தன, பார்வை? நம் ஊர்களில் யன்னல் சாத்தப்படுவதன் உண்மைக் காரணம் வெயிலன்று. வீட்டுக்குள் இருப்பவர் வெளியார் கண்ணுக்குப் படக்கூடாது என்பதே. அது வெறும் கூச்சமன்று, நெறி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறைக்குள் துவாரம் ஒன்றின் வழியே ஒருவர் எட்டிப் பார்த்த நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்கும் சட்டம் வந்ததே பார்வையின் பொருட்டுத்தான் என்று நாயகம் அவர்கள் அப்போது கண்டித்தார்கள். கவனிக்கவேண்டியது என்னவெனில், அங்கே கண்டிக்கப்பட்டவர் பார்த்தவரே. நாமோ பார்க்கப்படுபவரை மூச்சுத் திணற அடைத்து வைத்திருக்கிறோம்.

மூச்சை அடைக்காமற் பார்வையை அடைக்கும் கலை இஸ்லாமிய உலகுக்குப் புதிதன்று. ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் செல்லும் நம்மவர் ஜித்தாவில் இறங்குகிறார்கள். அந்நகரின் பழைய பகுதியான அல்-பலத், 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அங்கே பவளக் கற்களாற் கட்டிய மாடி வீடுகளின் முகப்பில், தெருப்பக்கம் புடைத்து நிற்கும் மரப் பின்னல் யன்னல்களைக் காணலாம். ‘ரவாஷின்’ என்பர். எகிப்தில் இதையொத்ததே ‘மஷ்ரபிய்யா’. எகிப்தின் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹி (1900–1989) இதன் நுட்பத்தை விளக்கியிருக்கிறார்: கண் மட்டத்திற் பின்னல் நெருக்கமாக இருந்து பார்வையைத் தடுக்கும், தலைக்குமேல் இடைவெளி அகன்று காற்றை வாரி எடுக்கும். தண்ணீர்ச் சாடியை அதன் அருகே வைத்துக் குளிரச் செய்வார்களாம். கடைத்தெருவில் அத்தர் வாங்கிப் பொதி கட்டுகிற நேரத்தில், தலையை நிமிர்த்தி அந்த யன்னல்களையும் ஒருமுறை பார்த்துவரலாம்.

அந்தப் பின்னலின் இரகசியம் ஒன்றே: வெளிச்சத்தில் நிற்பவனுக்கு இருளில் இருப்பது தெரியாது, இருளில் இருப்பவருக்கு வெளிச்சம் தெரியும். பகலிலே தெரு பிரகாசம், அறை மங்கல். ஆகையாற் சிறு சிறு இடைவெளியுள்ள எந்த மறைப்பும், அது மரப் பின்னலாகட்டும், மூங்கில் தட்டியாகட்டும், நெருக்கம் குறைந்த நெசவாகட்டும், பகலில் ஒருவழிப் பார்வையே தரும். மஃரிபுக்குப் பின் விளக்கேற்றியதும் எல்லாம் தலைகீழாகிவிடும். உள்ளிருப்பவர் வெளியாருக்கு நாடகமேடை போலத் தெரிவார். இதை அறியாமல், இரவுக்கு வேண்டிய தடித்த திரையைப் பகலிலும் போட்டுவைப்பதே நாம் செய்யும் பெரும் பிழை. ஒவ்வொரு யன்னலுக்கும் இரண்டு மறைப்பு வேண்டும். பகலுக்கு மெல்லியது; இரவுக்குத் தடித்தது. இரண்டும் சேர்ந்து ஒரு விலையுயர்ந்த மறைப்பின் விலைக்கு மேற்போகவேண்டியதில்லை.

கடைகளில் ‘பிளைண்ட்ஸ்’ என்று விற்கப்படுபவற்றை ஒரேயடியாக ஒதுக்கவேண்டும் என்பது என் கருத்தன்று. கிடைப் பட்டைகள் கொண்ட ‘வெனிஷியன்’ நல்ல கண்டுபிடிப்பு. வெனிஸ் நகரத்தார் பெயரை ஆங்கிலேயர் அதற்கு இட்டனர். பிரெஞ்சுக்காரர் அத்தகைய பட்டை மறைப்புக்குப் பாரசீகத்தின் பெயரை இட்டதோடு, ‘ஜலூசி’ என்றும் சொல்வர். அச்சொல்லுக்குப் பொறாமை என்பதே பொருள். வீட்டுப் பெண்ணை அயலார் கண்ணிலிருந்து காக்கும் கணவனின் பொறாமை என்பார்கள். அது போகட்டும். இப்பட்டைகளின் வெளிவிளிம்பு தாழ்ந்திருக்குமாறு சாய்த்தால், அயல்வீட்டு மாடியிலிருந்து விழும் பார்வை தடைபடும், காற்று வரும். மேல்நோக்கிச் சாய்த்தால் மாடிக்காரருக்கு நம் தரை முழுவதும் தெரியும். வாங்கிய பலர் இதைக் கவனிப்பதில்லை. நம் கடற்கரையில் இரும்பு ஆணியும் சங்கிலியும் உப்புக் காற்றில் துருப்பிடித்துவிடும். அலுமினியப் பட்டை தாங்கும். மலிவான பிளாஸ்ரிக் மேற்கு வெயிலில் வெளுத்து, வெடித்துப் போகும். சுருள் மறைப்போ காற்றை முற்றாகத் தடுப்பது. குளிரூட்டிய அலுவலகத்துக்கே பொருத்தமானது.

பிள்ளைகள் உள்ள வீட்டார் இன்னொன்றை அறியவேண்டும். இம்மறைப்புகளை ஏற்றி இறக்கும் கயிறு வளையமாகத் தொங்கினால், தவழும் குழந்தையின் கழுத்தில் அது சுருக்காக விழக்கூடும். அமெரிக்காவில் அப்படிப் பல குழந்தைகள் மாண்டபின், 2018 டிசெம்பரிலிருந்து ஆயத்தமாக விற்கப்படும் மறைப்புகளில் தொங்கு கயிறு கூடாதென்று தர விதியே செய்துவிட்டார்கள். தொட்டிலையும் கட்டிலையும் அந்த யன்னலோரம் போடாதீர்கள். கயிற்றைச் சுவரில் உயரத்தில் ஆணியடித்துச் சுற்றிக் கட்டுங்கள்.

இனி மேற்கு யன்னலுக்கு மீண்டும் வருவோம். சொல்ல வேண்டியது அங்கே இன்னும் இருக்கிறது. நமக்குக் கிப்லா மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்து. வீட்டிலே பெண்கள் தொழும்போது எதிரே நிற்பது பெரும்பாலும் இந்த மேற்குச் சுவரும் அதன் யன்னலுமே. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டின் ஒரு பக்கத்திற் கட்டியிருந்த உருவங்கள் தீட்டிய திரையை அகற்றுமாறும், அதன் உருவங்கள் தொழுகையில் தம் முன்னே வந்துகொண்டிருப்பதாகவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாகப் புகாரியில் ஒரு செய்தி உண்டு. பெரிய பூவும் பறவையும் அச்சிட்ட பளபளப்புத் திரையை அந்த யன்னலுக்குத் தெரிகிறவர்கள் இதை ஒருகணம் நினைத்துப் பார்க்கலாம். வெயிலுக்காகவும் தொழுகைக்காகவும் அங்கு வேண்டுவது ஒன்றே: அமைதியான நிறம், சீரான நெசவு.

அது நம் காலடியிலேயே இருக்கிறது. ஆம், காலடியில்; விரித்துப் படுக்கிறோமே, அந்தப் பன்பாய். சதுப்பு நிலங்களில் விளையும் பன்னை அறுத்து, உலர்த்தி, சாயமேற்றி, இக்கரையோரப் பெண்கள் பின்னும் பாயை நாம் படுக்கையாகவும் தொழுகைப் பாயாகவுமே பார்த்துப் பழகிவிட்டோம். அதை நிறுத்தித் தூக்கினால் மறைப்பு. கண்டியிலே கட்டடக் கலைஞர் மினெற் டி சில்வா, 1950ஐ அண்டித் தாம் கட்டிய கருணாரத்ன இல்லத்தில், தும்பறைப் பாய் நெசவைக் கதவுப் பலகைகளிலே பதித்தார். பாய் தரைக்கு மட்டும் உரியதன்று என்பதை ஒரு பெண் அன்றே கண்டிருக்கிறார். மேற்கு யன்னலின் வெளிப்புறத்தே பன்பாய் ஒன்றை மேலும் கீழும் மூங்கிற் சட்டமிட்டுத் தொங்கவிட்டு, கச்சான் வீசும் பிற்பகலில் நீர் தெளித்துப் பாருங்கள். வட இந்தியாவில் வெட்டிவேர்த் தட்டிகளுக்கு நீர் தெளிப்பது இதே முறைதான். நீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. காற்று வரண்டிருந்தால் மட்டுமே இது பலிக்கும். கச்சான் வரட்சியானது, அதனாற் பலிக்கும். வாடை வீசும் மாரியிற் பலிக்காது. பாயும் பூஞ்சணம் பிடித்துவிடும். ஒக்டோபரிற் சுருட்டி, உலர்ந்த இடத்தில் எடுத்து வைத்துவிடவேண்டியது. 1978 நவம்பர்ச் சூறாவளியைக் கண்ட ஊருக்கு, மாரியில் வெளியே எதையும் தொங்கவிடக்கூடாது என்று யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

பகல் திரைக்கு மருதமுனை இருக்கிறது. சாரனும் சேலையும் நெய்து நாடெங்கும் பெயர்பெற்ற ஊர். இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்திற் செழித்த அதன் தறிகள், 1977இற் சந்தை திறக்கப்பட்டபின் மலிவான வெளிநாட்டுத் துணியோடு மல்லாட நேர்ந்தது. 2004இற் கடல் கொண்டுபோனவற்றுள் தறிகளும் இருந்தன. இன்றும் அங்கே நெய்கிறார்கள். ஆயினும் அவ்வூரிலிருந்து கூப்பிடு தூரத்திற் கட்டப்படும் புது வீட்டுக்குக் கடல் தாண்டி வந்த நைலோன் வலைத்திரை வாங்கப்படுகிறது. இரக்கத்துக்காக மருதமுனைத் துணியை வாங்கச் சொல்லவில்லை. பருத்தி நூலை இடைவெளி விட்டு நெய்தால் காற்றைக் கடத்தும், துவைக்கலாம், வெயிலிற் பளபளத்துக் கண்ணைக் கூசவைக்காது. இந்த வேலைக்கு நைலோனைவிட அது தகுதியானது.

ஒன்று மட்டும். கடையில் மீற்றர்க் கணக்கில் வெட்டி வாங்குவது போல நெசவாளியிடம் போய் நிற்க முடியாது. பாவு ஓட்டுவதற்கு முன்பே அவருக்கு அளவு தெரியவேண்டும். சேலைத் தறியில் ஏறக்குறைய நாலடி அகலத் துணிதான் வரும். சுருக்கு வைத்துத் தொங்கவிட யன்னலின் அகலத்தைப்போல ஒன்றரை மடங்கு துணி வேண்டும். ஆகவே நாலடி யன்னலுக்கு இரண்டு துண்டாவது நெய்யவேண்டும். இழை நெருக்கம் எவ்வளவு என்பதைத் துணியை முகத்துக்கு முன் பிடித்து, வெளிச்சத்தை நோக்கி ஊதிப் பார்த்துச் சொல்லவேண்டும். இதற்கெல்லாம் இரண்டு மூன்று மாத அவகாசம் தேவை. கலியாணத்துக்கு முதல் வாரம் போனால் நடவாது. ஓடாவியார் யன்னற் சட்டம் பொருத்துகிற அன்றைக்கே, கையில் அளவு நாடாவும், எந்த யன்னல் எந்தத் திசை என்று எழுதிய ஒரு துண்டுக் காகிதமுமாக உம்மாவும் மகளும் மருதமுனைக்குப் புறப்படவேண்டும்.